பூ வைக்காமல் திரும்பிய வெள்ளிக்கிழமை

என் மகனுக்கு,

இந்தக் கடிதம் உன் கைக்கு வருவதற்கு முன்பே உன் அத்தை பாக்கியத்தின் கடிதம் நாக்பூருக்கு வந்து சேர்ந்திருக்கும். பூ வைக்கப் போன இடத்தில் பெண்ணே வேண்டாமென்று தடுத்துவிட்டாள், இந்தச் சம்பந்தம் நமக்கு ஒத்துவராது என்று அவள் எழுதியிருப்பாள். அதில் பொய் இல்லை. ராஜேஸ்வரி தடுத்தது உண்மை. நான் இரண்டடி தள்ளித்தான் நின்றிருந்தேன். ஆனால் உன் அத்தை பார்த்தது பாதிதான். மீதியை நான் எழுதுகிறேன். படித்தவுடன் வங்கியிலிருந்து ட்ரங்க் கால் போட்டுப் பதறாதே. முழுவதையும் படி, இன்னொரு முறையும் படி. கடைசியில் நீ ஒரு பதில் சொல்ல வேண்டியிருக்கிறது. உன் கல்யாணம் நடப்பதும் நடக்காததும் இப்போது அந்தப் பதிலில்தான் இருக்கிறது.

போன மாதம் நீ விடுப்பில் வந்து மேலூரில் பெண் பார்த்தபோது எல்லோருக்குமே திருப்தி. அப்பா தலைமையாசிரியர். வீட்டில் அலமாரிப் புத்தகங்கள்கூடத் தூசியில்லாமல் இருந்தன. பெண் தரையைப் பார்த்துப் பேசாமல் உன் முகத்தைப் பார்த்துப் பேசினாள். ஒரே ஒரு விஷயம்தான் என் மனத்தில் உறுத்திக்கொண்டிருந்தது. மதுரைக்கு மேற்கே, நாகமலைப் பக்கம், பல்கலைக்கழகத்தில் புதிதாகக் கட்டியிருக்கிறார்களே மருத்துவ ஆராய்ச்சிக் கட்டிடம், அதில்தான் அவள் ஆராய்ச்சி செய்கிறாள். கல்யாணத்துக்குப் பிறகு அவள் வேலை என்ன ஆகும் என்று உன்னைக் கேட்டேன். "அதெல்லாம் பேசியாச்சும்மா, ஒண்ணும் பிரச்சினை இல்ல" என்று சொல்லிவிட்டு நீ ரயில் ஏறிவிட்டாய். வேலையை விட்டுவிட்டு உன்னோடு வரச் சம்மதித்துவிட்டாள் என்று நான் அர்த்தம் செய்துகொண்டேன். எனக்கு வேண்டியிருந்ததும் அதுதான். நீ அங்கே கண்ட கடையில் சாப்பிட்டு வயிற்றைக் கெடுத்துக்கொள்கிறாய், வீட்டுக்கு ஒருத்தி வந்தால் போதும் என்றுதான் நினைத்தேன்.

இதற்கிடையில் உன் அத்தை அலங்காநல்லூரிலிருந்து ஒரு சேதியோடு வந்தாள். "மதினி, அந்தக் கட்டடத்துல எலியும் குஷ்டரோகமும்தான் வளக்குறாகளாம். தொட்டா ஒட்டிக்கிருமாம்ல? நம்ம பய தலையிலயா கட்டணும்?" என்றாள். யார் சொன்னார்கள் என்று கேட்டேன். பஸ்ஸில் வந்த ஒருத்தி சொன்னாளாம். பஸ்ஸில் வந்தவள் சொல்வதைக் கேட்டு ஒரு பெண்ணை வேண்டாமென்று சொல்லும் பழக்கம் எனக்கில்லை. கேட்காத மாதிரி இருக்கவும் தெரியாது. நம் பக்கத்தில் பெண் வீட்டார் மாப்பிள்ளை வீடு பார்க்க வருவது வழக்கம். நான் அதைத் திருப்பிப் போட்டேன். பெண் பகலெல்லாம் இருக்கிற இடத்தை நாங்கள் பார்க்க வேண்டும் என்று மேலூருக்கு எழுதினேன். அவள் அப்பா முகம் சுளிக்காமல், வெள்ளிக்கிழமை காலை வாருங்கள், நானும் வந்துவிடுகிறேன் என்று பதில் போட்டார். ராஜினாமா எழுதிக் கொடுக்க எவ்வளவு நாளாகும் என்று அவளிடமே நேரில் கேட்டுவிட வேண்டும் என்ற எண்ணத்தோடுதான் நான் கிளம்பினேன்.

வாடகைக் கார் கோச்சடையில் நம் வீட்டு வாசலில் நின்றபோது, உன் அத்தை மடியில் ஒரு தட்டோடு உட்கார்ந்திருந்தாள். வெற்றிலை, பாக்கு, பழம், வாழை இலையில் சுற்றிய மல்லிகைச் சரம். "இடம் பாக்கப் போறோம் பாக்கியம், இதெல்லாம் எதுக்கு?" என்றேன். "வெள்ளிக்கிழமையும் அதுவுமா வெறுங்கையோடவா போறது? இடம் மனசுக்குப் பிடிச்சிருந்தா அங்கனயே பூவ வச்சுப் பேச்ச முடிச்சிருவோம். பத்தரைக்கு மேல ராகு காலம், அதுக்குள்ள முடிக்கணும்" என்றாள். முன் சீட்டிலிருந்த அவள் வீட்டுக்காரர், உன் மாமா, திரும்பினார். "அக்கா, இவ அன்னிக்குக் குஷ்டரோகம்னா. பூக்கடையப் பாத்ததும் கல்யாணம்ங்கிறா. சாயங்காலத்துக்குள்ள பேரனுக்கு மொட்ட போட்ருவா பாருங்க" என்றார். "நீங்க ரோட்டப் பாருங்க" என்றாள் அவள். "ஓட்டுறது நானில்லயே" என்றார் அவர். நான் தட்டைத் தடுக்கவில்லை. அவள் சுமங்கலி. பூ வைக்கும் உரிமை அவளுடையது. உன் அப்பா போனதிலிருந்து நல்ல காரியங்களில் நான் பின்வரிசையில் நிற்கிறேன். அந்த வழக்கம் நியாயமென்று நான் ஒருநாளும் ஒத்துக்கொண்டதில்லை. ஆனால் உன் கல்யாணத்தில் அதற்கொரு சண்டை வேண்டாமென்று இருந்தேன்.

கட்டிடம் இருக்கிற அந்த மேட்டு நிலம் எனக்குத் தெரியும். உன் அப்பாவின் சொந்தக்காரர் ஒருவர் அங்கே சோளம் விதைத்துவிட்டு, மழைக்காக வானத்தைத் திட்டிக்கொண்டிருப்பார். இப்போது அதே வெட்டவெளியில் மூன்று மாடி நிற்கிறது. முன்பக்கம் நீளமாகக் கான்கிரீட் வெயில்மறைப்புகள், உள்ளே மொசைக் தரை, இரண்டு பேர் கைகோத்து நடக்கலாம் என்கிற அகலத்தில் மாடிப்படி. அங்கே முதன்முதலாக உருப்படியாக விளைந்தது அந்தக் கட்டிடம்தான். உன் மாமா கழுத்தை வளைத்துப் பார்த்துவிட்டு, "எம்புட்டு உசரம்! நம்ம கலெக்டர் ஆபீசுகூட இம்புட்டு எடுப்பா இல்லயே" என்றார். நான் முன்பக்கத்தை அதிகம் பார்க்கவில்லை. நான் படித்த கான்வென்டில் தையல் சொல்லிக்கொடுத்த சிஸ்டர் பாவாடையின் விளிம்பைத் திருப்பி உள்தையலைத்தான் பார்ப்பார். மேல்தையல் யார் வேண்டுமானாலும் போடுவார்கள் என்பார். நான் நேரே பின்பக்கம் போனேன். சாக்கடை மூடியிருந்தது. கழிவை எரிக்கும் உலையைச் சுற்றி ஒரு பஞ்சுத்துண்டுகூடக் கிடக்கவில்லை. ஒரு குறைதான் கண்டேன்: மாடிப்படித் திருப்பத்தில் யாரோ வெற்றிலை துப்பியிருந்தார்கள். அதை அங்கிருந்த அலுவலரிடம் சொன்னேன். அவர் நான் யாரென்று கேட்கவே பயந்துபோய்த் தலையாட்டினார்.

பெண்ணின் அப்பா வாசலில் காத்திருந்தார். கொஞ்ச நேரத்தில் ராஜேஸ்வரி இறங்கி வந்தாள். உன் அத்தைக்கு முகம் மாறிவிட்டது. மேலே வெள்ளை கோட்டு, முடியை முழுவதும் மூடிக் கட்டிய துணி, தலையில் பூ இல்லை, கையில் ஒரு கண்ணாடி வளையல்கூட இல்லை. "என்னம்மா இது கோலம்? நல்ல காரியம் பேச வந்திருக்கோம், வெறுங்கையும் வெறுந்தலையுமா நிக்கிற?" என்று கேட்டுவிட்டு, பக்கத்தில் நான் நிற்பது நினைவுக்கு வந்து நாக்கைக் கடித்துக்கொண்டாள். என் கைகளும் வெறும் கைகள்தானே. ராஜேஸ்வரி அதைக் கவனித்தாள் என்று நினைக்கிறேன். உன் அத்தைக்குச் சொல்ல வேண்டிய பதிலை என்னைப் பார்த்துச் சொன்னாள். "வேலை செய்யிற அறையில இதெல்லாம் போடக் கூடாதும்மா. பத்து மணிக்கு நான் உள்ள போகணும், அதுக்குள்ள எல்லாத்தையும் காட்டிர்றேன்." எங்களை உட்காரவைத்து அழகு காட்டவில்லை. நேரம் இவ்வளவுதான் என்று முதலிலேயே சொன்னாள். அது எனக்குப் பிடித்தது.

வெளிச்செருப்பைக் கழற்றிவிட்டு அங்கேயிருந்த ரப்பர் செருப்பைப் போட்டுக்கொள்ளச் சொன்னாள். உன் மாமாவின் பாதத்தில் பாதிதான் அதற்குள் போனது. மீதியைத் தரையில் தேய்த்துக்கொண்டு வந்தார். எலிகளை வைத்திருக்கும் கூடத்தைக் கண்ணாடி வழியாகக் காட்டினாள். "எலிக்கு ஏசியா?" என்றார் மாமா. "எங்க வீட்ல மனுசனுக்கே காத்தாடி ஓட மாட்டேங்குது." குளிர் அறையின் கதவைத் திறந்ததும், "மாப்ள நாக்பூர் வெயில்ல கெடந்து காயுறான். இங்கன ஒரு பாயப் போட்டு வீட்டோட மாப்பிள்ளையா வச்சுக்கங்க" என்று அவள் அப்பாவிடம் சொன்னார். அவர் வாய்விட்டுச் சிரித்தார். உன் அத்தை சிரிக்கவில்லை. "தொட்டா ஒட்டிக்கிருமாமே, நெசமா?" என்று நேராகவே கேட்டுவிட்டாள். ராஜேஸ்வரி கோபப்படவில்லை. "அவ்வளவு சுலபமா ஒட்டாதும்மா. ஒரே வீட்ல ஒருத்தருக்கு வருது, இன்னொருத்தருக்கு வர மாட்டேங்குது. ஒருத்தருக்குத் தானா அடங்குது, ஒருத்தருக்கு முத்திப் போகுது. அவங்க ரத்தம் அந்தக் கிருமிய எப்படி எதுக்குது, ஏன் எதுக்க மாட்டேங்குதுன்னு பாக்குறோம். இன்னிக்குக் காலையில ஒரு அம்மா கிராமத்துலருந்து பஸ் ஏறி வந்து ஆஸ்பத்திரியில ரத்தம் குடுத்துட்டுப் போயிருக்காங்க. அதுல இருக்கிற வெள்ளை அணுவப் பிரிச்சு இன்னிக்கே குடுவையில வளக்கணும். நாளைக்குன்னா செத்துரும். காத்துல பறக்கிற ஒரு பூஞ்சை உள்ள விழுந்தாலும் அம்புட்டும் வீண்" என்றாள். உன் அத்தைக்கு எல்லாம் புரிந்ததா என்று தெரியாது. பயம் போய்விட்டது என்பது மட்டும் முகத்தில் தெரிந்தது.

அதற்குப் பிறகு நடந்தது உன் அத்தையின் நல்ல மனத்தால் நடந்தது. இதை நீ மறக்காதே, அவள்மேல் கோபம் கொள்ளாதே. மேல்மாடியில், கண்ணாடி பதித்த ஒரு கதவுக்கு முன்னால், ராஜேஸ்வரி முழங்கைவரை கழுவி ஸ்பிரிட் தடவிக்கொண்டு உள்ளே போகத் தயாராக நின்றாள். உன் அத்தை சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தாள். பத்தரைக்கு இன்னும் நேரமிருந்தது. "எனக்கு மனசு நெறஞ்சு போச்சு மதினி. நல்ல நேரத்த ஏன் விடணும்?" என்று சொல்லிக்கொண்டே வாழை இலையைப் பிரித்து மல்லிகைச் சரத்தை எடுத்து, "குனிம்மா, அந்தத் துணிய அவுரு" என்றாள். ராஜேஸ்வரி ஒரு அடி பின்னால் போனாள். உயர்த்திப் பிடித்திருந்த ஈரக் கையை முன்னே நீட்டி, "இப்ப வேண்டாம்மா" என்றாள்.

உன் அத்தையின் கை அப்படியே நின்றுவிட்டது. அவள் அப்பா, "ராஜி!" என்றார். "வேண்டாமா? பூவையா வேண்டாங்கிற?" என்றாள் அத்தை. ராஜேஸ்வரியின் கண் கலங்கியிருந்தது, ஆனால் வார்த்தை கலங்கவில்லை. "நீங்க வச்சா அதை நான் எடுக்கக் கூடாது. எடுக்காம இந்த அறைக்குள்ள போக முடியாது. வச்ச பூவ உள்ள போய்ப் பிச்சு எறிய எனக்கு மனசு வராதும்மா. அதனாலதான் இப்ப வேண்டாங்கிறேன்." உன் மாமாவுக்குக்கூடச் சிரிப்பு வரவில்லை. ராஜேஸ்வரிக்கு நேரமாகிக்கொண்டிருந்தது. ஆனாலும் எங்களை அப்படியே விட்டுவிட்டு உள்ளே ஓடவில்லை, பெரியவர்கள் ஒரு வார்த்தை சொல்லட்டும் என்று நின்றாள். நான் பின்வரிசையிலிருந்து முன்னால் வந்தேன். "எவ்வளவு நேரமாகும்?" என்றேன். "மத்தியானம் ஆயிரும்மா." "போய் வேலையப் பாரு. நாங்க இருக்கோம்" என்றேன்.

கதவு மூடியதும் உன் அத்தை பெஞ்சில் உட்கார்ந்து அழுதாள். "முப்பது கல்யாணத்துல முன்னால நின்னவ நான். ஒருத்தி என் கையத் தடுத்ததில்ல. நீங்களும் அவளுக்குத்தான் பரிஞ்சு பேசுறீக." ராகு காலம் தொடங்கி, முடிந்தும் போனது. உன் மாமா பெண்ணின் அப்பாவைக் கூட்டிக்கொண்டு கேன்டீனுக்குப் போனார், வரும்போது எங்களுக்கு வடையும் டீயும் வாங்கிவந்தார். உன் அத்தை அழுகையினூடே வடையைத் தின்றாள். நான் கண்ணாடி வழியாகப் பார்த்துக்கொண்டு நின்றேன். ராஜேஸ்வரி ஒரு பெட்டி மாதிரியான மேடைக்குள் கையை விட்டு, கண்ணாடிக் குழாயில் எதையோ எடுத்து, ஒவ்வொரு குடுவையாக விட்டுக்கொண்டிருந்தாள். வாயை ஒரு துணி மூடியிருந்தது. ஒரு குடுவையை மூடும்போது கை ஏதோ ஒன்றில் பட்டுவிட்டது போலிருக்கிறது. எங்களுக்கு அது பெரிய விஷயமாகவே தெரியாது. அவள் அந்தக் குடுவையைத் தனியே ஒதுக்கி வைத்துவிட்டு, மறுபடி கைகழுவி, மறுபடி தொடங்கினாள். நாங்கள் வெளியே காத்திருக்கிறோம் என்று தெரிந்தும் அதைச் செய்தாள்.

நான் என்ன நினைத்துக்கொண்டிருந்தேன் என்று உனக்குச் சொல்கிறேன். அவள் வயதில் நானாக இருந்தால் பூவை வாங்கிக்கொண்டிருப்பேன். குனிந்து, சிரித்து, வைக்க விட்டு, கதவு மூடியதும் எடுத்து மேசைமேல் வைத்திருப்பேன். வெளியே வரும்போது மறுபடி செருகிக்கொண்டிருப்பேன். ஒருவருக்கும் தெரிந்திருக்காது. அத்தைக்கும் சந்தோஷம், எனக்கும் நல்ல பெயர். நம் வீடுகளில் பெண்பிள்ளைகளை நாம் அப்படித்தான் வளர்க்கிறோம், கெட்டிக்காரத்தனம் என்று அதற்குப் பெயரும் வைத்திருக்கிறோம். இந்தப் பெண்ணுக்கு அதற்கு மனம் வரவில்லை. பூவை அவள் உன் அத்தை மதிப்பதைவிட அதிகமாக மதித்தாள், அதனால் தடுத்தாள். வளையலில்லாத அந்தக் கைகளைப் பார்த்துக்கொண்டே நின்றபோது, நெடுநாளைக்குப் பிறகு என் கைகளை முந்தானைக்குள் மறைக்காமல் வைத்திருந்தேன். எனக்குப் பெருமையாக இருந்தது, மகனே. நான் பெறாத பெண்ணைப் பார்த்து அவ்வளவு பெருமைப்பட எனக்கு என்ன உரிமை என்று தெரியவில்லை. பட்டேன்.

அவள் வெளியே வந்தபோது முகத்தில் துணி கட்டிய தடம் பதிந்திருந்தது. முதலில் உன் அத்தையிடம் போய், "மன்னிச்சிருங்கம்மா, உங்களக் காக்க வச்சுட்டேன்" என்றாள். அத்தை முகத்தைத் திருப்பிக்கொண்டாள், ஆனால் பெஞ்சில் நகர்ந்து இடம் விட்டாள். நான் கொண்டுவந்த கேள்வியைக் கேட்டேன். வேறு மாதிரித்தான் கேட்க முடிந்தது. "கல்யாணத்துக்கு அப்புறம் இதெல்லாம் என்னம்மா ஆகும்?"

"விட மாட்டேன்மா" என்றாள். "இன்னிக்கு ரத்தம் குடுத்த அம்மாவ மருந்து சாப்பிட்டு முடிச்சதும் மறுபடி வரச் சொல்லியிருக்கேன். அவங்க மாதிரி நிறையப் பேர். ஊசின்னா ஓடிப்போற ஆளுங்க, என் முகத்துக்காக வாராங்க. அன்னிக்கே உங்க மகன்கிட்டச் சொல்லிட்டேனே. நான் இங்கதான் இருப்பேன், உங்களால வர முடியுமான்னு கேட்டேன்."

"அதுக்கு அவன் என்ன சொன்னான்?"

அவள் தயங்கினாள். உன்னைக் காட்டிக்கொடுக்க அவளுக்கு மனமில்லை. நான் விடவில்லை. "அதெல்லாம் அப்புறம் பாத்துக்கலாம்னு சொன்னாரு."

உன் மாமா, "ஆகா, மாப்ள மாட்டுனான்" என்று மெதுவாகச் சொன்னார்.

அவளிடம் அப்புறம் பார்த்துக்கலாம் என்றாய். என்னிடம் பேசியாச்சு என்றாய். இரண்டும் பொய்யில்லை, இரண்டையும் சேர்த்தால் உண்மையும் இல்லை. அப்புறம் என்கிற அந்த வார்த்தை உனக்கு உன் அப்பாவிடமிருந்து வந்தது. நல்ல மனிதர், யாருடைய முகமும் வாட விடமாட்டார். அதற்காகவே எல்லாவற்றையும் அப்புறத்துக்குத் தள்ளுவார். கிணற்று மோட்டார், உன் ஹாஸ்டல் பணம், கடைசியில் தன் நெஞ்சுவலியையும் அப்படித்தான் தள்ளினார். எல்லோரையும் திருப்தியாக வைத்திருக்க நினைக்கிற ஆண், பக்கத்தில் இருக்கிற ஒருத்தியைத்தான் எப்போதும் காக்க வைப்பான். எனக்கு அது அனுபவம். இவளுக்கு அது வேண்டாம்.

கிளம்பும்போது உன் அத்தை, "அப்ப இது அம்புட்டுத்தானா? பூவத் திருப்பிக் கொண்டுபோறதா?" என்று கேட்டாள். "பொண்ணு பதில் சொல்லிட்டா பாக்கியம். நம்ம பயதான் இன்னும் பதில் சொல்லல. அவன் சொல்லாம பூ வச்சா, அவ தலையில நாமளே ஒரு பொய்ய வச்ச மாதிரி" என்றேன். பெண்ணின் அப்பாவிடமும் அதையே சொன்னேன். அவர் கைகூப்பினார். காரில் திரும்பும்போது, விராட்டிபத்து தாண்டியதும் உன் அத்தை, "கொஞ்சம் திமிருதான், ஆனா கெட்டவ இல்ல" என்றாள். அவள் வாயிலிருந்து இதற்குமேல் பாராட்டு வராது. கடிதத்தில் இதை எழுதியிருக்க மாட்டாள் என்பதால் நான் எழுதுகிறேன்.

இனி உன் பக்கம். இதுவரை எல்லோரும் அந்தப் பெண்ணுக்கு நிபந்தனை போட்டோம், நானும்தான். இப்போது நிபந்தனை உனக்கு. உங்கள் வங்கிக்கு மதுரையில் கிளை இருக்கிறது. மாற்றல் கேட்டு மேலதிகாரிக்கு எழுது. பதவி உயர்வு ஒரு படி பின்னால் போகலாம், போகட்டும். மாற்றல் உடனே கிடைக்காவிட்டால், கிடைக்கும்வரை அவள் இங்கே, நீ அங்கே. நான் உங்கள் இருவருக்கும் நடுவில் வந்து நிற்க மாட்டேன். இதற்கு உன்னால் முடியாது என்றால் அதையும் சொல்லலாம், முடியாதென்று சொல்வதில் அவமானம் இல்லை. ஆனால் இந்தத் தடவை அப்புறம் என்ற வார்த்தை இருக்கக் கூடாது.

உன்மேலும் எனக்குப் பெருமை உண்டு. மேலூரிலிருந்து திரும்பியபோது, மற்ற பெண்களைப் பற்றிச் சொன்னதுபோல நிறம், உயரம் என்று நீ சொல்லவில்லை. "தெளிவாப் பேசுறாம்மா" என்றாய். உனக்கு அது தெரிந்திருக்கிறது, பயமும் வந்திருக்கிறது. பயம் வந்தால் பரவாயில்லை. இந்தக் கடிதத்தை நீ யாரிடம் வேண்டுமானாலும் காட்டு. எனக்குப் பதில் எழுதாதே. அவளுக்கு எழுது, வீட்டு முகவரிக்கு வேண்டாம், அந்தக் கட்டிடத்து முகவரிக்கே எழுது. அவள் படித்துவிட்டு என்னிடம் வந்து சொன்னால்தான் உன் அத்தை மறுபடி பூ வாங்கப் போவாள். அவள் வேண்டாமென்றால், உனக்கு வேறு பெண் பார்க்க என்னால் ஆகாது.

அம்மா